பேய்ப்படமும் வருகைப் பதிவேடும்

1951 பிப்ரவரியில் வெளிவந்த 'மர்மயோகி'யில் ஒரு பேய் வரும். கே. ராம்நாத் இயக்கம், ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, கரிகாலனாக எம்.ஜி.ஆர். செத்துப்போனார் என்று எல்லோரும் நம்பிய அரசர் (செருகளத்தூர் சாமா) ஆவியாகத் தோன்றி, ஆட்சியைப் பறித்தவளைக் கலங்கடிப்பார். அந்தக் காட்சிகளுக்காகத் தணிக்கைக் குழு படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. தமிழில் 'ஏ' வாங்கிய முதல் படம் அதுதான். 'ஏ' படம் என்றதும் இன்று நம் மனசுக்கு வரும் எதுவும் அதில் கிடையாது. இதில் பெரிய வேடிக்கை, அந்தப் பேய் பேயே இல்லை. அரசர் சாகவில்லை, ஆவி வேஷம் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். இல்லாத பேய்க்குப் பயந்து வயசுக்கு வந்தோர் மட்டும் பார்க்கலாம் என்று சொன்ன அரசாங்கம் நம்முடையது.

சிரிக்கலாம்தான். ஆனால் அந்தத் தணிக்கைக்காரர்கள் கேட்ட கேள்வி இன்றும் தீரவில்லை. பயமுறுத்தும் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? அதையே கொஞ்சம் நகர்த்திக் கேட்டால் இன்னும் சிக்கல்: பள்ளிக்கூடத்தில் காட்டலாமா? இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை என்பது என் கட்சி. அதற்குக் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

சான்றிதழ் எதைக் கேட்டது?

இந்தியாவில் சினிமாச் சட்டம் வந்தது 1918-இல். 1920-இல் பம்பாய், கல்கத்தா, மதராஸ், ரங்கூன் என நான்கு நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. அப்போது காட்டலாம், காட்டக்கூடாது என்ற இரண்டே பதில்தான். பார்ப்பவர் ஐந்து வயசா ஐம்பதா என்ற பேச்சே இல்லை.

1927-இல் பிரிட்டிஷ் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். நாடெங்கும் சுற்றி, நூற்றுக்கணக்கானவர்களிடம் சாட்சியம் வாங்கி, 1928-இல் அறிக்கை கொடுத்தார்கள். சிறுவர்கள் சினிமா பார்ப்பது சரியா என்ற கவலையும் அந்த விசாரணையில் இருந்தது. ஆனால் அந்தக் கவலை சட்டமாக மாற இன்னும் இருபது வருஷம் ஆனது. 1949-இல் சட்டத்தைத் திருத்தி 'யு', 'ஏ' என்று பிரித்தார்கள். அந்தப் பிரிவினையின் ஆரம்பப் பலிகளில் ஒன்றுதான் நம் மர்மயோகி. 1983-இல் நடுவே 'யு/ஏ' வந்தது: பெற்றோர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம். 2024-இல் அதையும் ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதுகள் என்று மூன்றாகப் பிரித்தார்கள்.

நூறு வருஷத்தில் சல்லடையின் கண் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் சல்லடை கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: பிள்ளைக்கு என்ன வயசு?

நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு செயலியைச் சோதிக்கும்போது, உள்ளே என்ன வருகிறது என்று மட்டும் பார்க்க மாட்டோம். பயன்படுத்துகிறவர் பாதியில் வெளியேற நினைத்தால் என்ன ஆகும் என்றும் பார்ப்போம். 'வேண்டாம்' என்று சொல்லப் பொத்தான் இருக்கிறதா? சினிமாச் சான்றிதழ் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்க அவசியமும் இருக்கவில்லை. கொட்டகையில் அந்தப் பொத்தான் எப்பவும் இருந்தது. பிள்ளை அழுதால் அப்பா தூக்கிக்கொண்டு வெளியே போவார், முறுக்கு வாங்கிக் கொடுப்பார். மணல் கொட்டகையில் முன்வரிசையில் உட்கார்ந்த பையன் கண்ணைப் பொத்திக்கொள்வான், பயம் போனதும் விரலிடுக்கில் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் படம் போடும்போது அந்தப் பொத்தானைக் கழற்றிவிடுகிறோம். அங்கே வருகைப் பதிவேடு இருக்கிறது.

படுகளத்துத் துரியோதனன்

பயம் என்றாலே பிள்ளைக்கு ஆகாது என்று சொல்கிறவர்கள் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் போய்ப் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்கக் கூத்து. கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த ராட்சசத் துரியோதனன் ஊர் நடுவே மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையைப் பிளப்பான், பாஞ்சாலி சபதம் முடித்துக் கூந்தல் முடிவாள். இதே மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் அரவான் களப்பலி. தாலி அறுத்து ஒப்பாரி வைக்கும் ஓலம் வயலெல்லாம் கேட்கும். எந்தத் தணிக்கைக் குழு பார்த்தாலும் 'ஏ' கொடுக்கும். ஆனால் அங்கே பாதிக் கூட்டம் சின்னப் பிள்ளைகள்தான். பல தலைமுறையாக அப்படித்தான்.

அந்தப் பயம் பிள்ளைகளை ஏன் முறிக்கவில்லை? துச்சாதனன் சாயங்காலம் அரிதாரம் பூசும்போது பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். அந்த ஆள் பக்கத்து ஊர் மாமா என்று தெரியும். பயம் முற்றுகிற நேரத்தில் கட்டியங்காரன் நுழைந்து கிண்டலடிப்பான். தூக்கம் வந்தால் அம்மா மடி. பிடிக்கவில்லையா, எழுந்து பொரி கடைக்குப் போகலாம், யாரும் பெயர் எழுதிக்கொள்ள மாட்டார்கள். கூத்துக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. அதைச் சுற்றி இருந்த ஏற்பாடுதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது.

ஆக, பயம் எதிரி இல்லை. பயத்தைத் தனியாக அனுபவிக்க வைப்பதுதான் பிரச்சினை.

பள்ளிக்கூடம் பயமுறுத்தியபோது

பள்ளிகள் வேண்டுமென்றே பயமுறுத்திய கதையும் உண்டு. அதற்கு இங்கிலாந்து போக வேண்டும். ரயில் பாதையில் விளையாடி, ஓடும் ரயில்மீது கல்லெறிந்து பிள்ளைகள் சாவதும் அடிபடுவதும் அங்கே பெரிய தலைவலியாக இருந்தது. 1977-இல் பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் ஃபிலிம்ஸ் 'தி ஃபினிஷிங் லைன்' என்று சுமார் இருபது நிமிஷப் படம் ஒன்றை எடுத்தது. இயக்குநர் ஜான் கிரிஷ். எட்டிலிருந்து பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் காட்டுவதற்காகவே எடுத்தது.

ஒரு பையனின் கற்பனையாக விரிகிறது படம். ரயில் தண்டவாளத்தில் பள்ளி விளையாட்டு விழா. வேலி உடைக்கும் போட்டி, ரயிலுக்குக் கல்லெறியும் போட்டி, ரயில் வருமுன் தண்டவாளம் கடக்கும் போட்டி, கடைசியில் சுரங்கப்பாதைக்குள் நடை. ஒவ்வொரு போட்டி முடிவிலும் ரத்தம், அடிபட்ட பிள்ளைகள். முடிவில் தண்டவாளத்தின் நெடுகிலும் பிள்ளைகளின் உடல்கள். பெரியவர்கள் அமைதியாக மதிப்பெண் போடுகிறார்கள். சினிமாவாகப் பார்த்தால் கூர்மையான படைப்பு. ஆனால் எதிர்ப்பு கிளம்பியது. 1979-இல் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 'ராபி' என்ற வேறு படத்தைக் கொடுத்தார்கள்.

படம் எடுத்தவர்களின் நோக்கம் உயிரைக் காப்பாற்றுவது. அதில் சந்தேகமில்லை. ஆனால் கூத்துக்காரர் பயத்தைக் கதைக்காகக் கொடுத்தார், கதை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார். இவர்கள் பயத்தைப் பிள்ளையிடமே விட்டுப் போக விரும்பினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால்தானே பாடம் பலிக்கும்! நம்மூரிலும் சாலை விபத்து, போதை, தீ என்று 'விழிப்புணர்வு' வீடியோ போடும்போது இதே ஆசைதான் வேலை செய்கிறது.

ராத்திரிக்கு என்ன ஏற்பாடு?

படம் முடிந்த பிறகான ராத்திரியைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1929-இல் அமெரிக்காவில் பெய்ன் நிதியத்தின் உதவியோடு, சினிமா பிள்ளைகளை என்ன செய்கிறது என்று வரிசையாக ஆராயத் தொடங்கினார்கள். அதில் சாமுவேல் ரென்ஷாவும் கூட்டாளிகளும் எடுத்துக்கொண்டது தூக்கத்தை. கட்டிலில் கருவி பொருத்தி, படம் பார்த்த ராத்திரி பிள்ளை எத்தனை முறை புரள்கிறது என்று கணக்கெடுத்தார்கள். சில படங்களுக்குப் பிறகு புரளல் கூடியது. எந்தப் படம், எந்தப் பிள்ளை என்பதைப் பொறுத்து மாறியது. முடிவுகள் 1933-இல் புத்தகமாக வந்தன.

எண்களைவிட எனக்கு உறுத்துவது, அந்தப் பிள்ளைகள் எங்கே தூங்கினார்கள் என்பது. ஒஹையோவில் ஒரு அரசுச் சிறார் நிலையத்தில். அம்மா அப்பா பக்கத்தில் இல்லை. அதனால்தான் கட்டிலில் கருவி வைப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

இதைப் படித்ததும் எனக்குக் கல்வராயன் மலைதான் ஞாபகம் வந்தது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்தார்களின் கையில் கிடந்த மலை. நாடு சுதந்திரம் வாங்கி இருபத்தொன்பது வருஷம் கழித்து, 1976-இல்தான் ஜாகிர் ஒழிந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கிராமங்கள் மலைமேல் சிதறிக் கிடப்பதால், மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். பெற்றோர் பலருக்கு வெளியூரில் கூலி வேலை. சமவெளிப் பள்ளியில் மூன்றரை மணிக்குப் பேய்ப்படம் பார்த்த பிள்ளை ராத்திரி பாட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கும். இங்கே அதே பிள்ளை விடுதியில் பாயை விரிக்கும். வெளியே காடு. கழிப்பறை கொஞ்சம் தள்ளி இருந்தால், விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கும்.

வயசு ஒன்று, வகுப்பு ஒன்று, படமும் ஒன்று. ராத்திரி மட்டும் வேறு. சான்றிதழில் அந்த ராத்திரிக்குக் கட்டமே இல்லை.

யாருக்கு எது பயம்?

2022-23 கல்வியாண்டில் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளில் மாதாமாதம் சிறார் படம் காட்டும் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. படம் முடிந்ததும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச வேண்டும். அருமையான ஏற்பாடு. ஆரம்பத்தில் காட்டியவற்றில் ஒன்று ஆல்பர்ட் லாமொரீஸின் 'சிவப்பு பலூன்' (1956). பேச்சே அதிகம் இல்லாத, எல்லா நாட்டிலும் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற பிரெஞ்சுப் படம். அதிலும் ஒரு கட்டம் வரும். பையன்கள் கூட்டம் துரத்திவந்து, கல்லால் அடித்து பலூனைக் கொல்லும். ஆமாம், 'கொல்லும்' என்றுதான் சொல்ல வேண்டும், பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதே கல்வியாண்டின் தொடக்கத்தில், 2022 ஜூலை 17 அன்று, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து கூட்டம் ஒரு பள்ளிக்குள் புகுந்து பேருந்துகளைக் கொளுத்தியது. அந்த வீடியோ வீட்டுக்கு வீடு கைபேசியில் ஓடியது. அதைப் பார்த்த ஒரு பிள்ளைக்கு, கூட்டம் துரத்தி வந்து பலூனை அடிப்பது சாதாரணக் காட்சியா? 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேல் செத்தார்கள். அந்தத் தெருப் பிள்ளையிடம் ஒரு ரத்தக்காட்டேரிப் படத்தைப் போட்டால் சிரிக்கலாம். அப்பா வயித்தைப் பிடித்துக்கொண்டு சுருளும் ஒரு 'குடி குடியைக் கெடுக்கும்' குறும்படத்தைப் போட்டால்?

1983-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அணுகுண்டுப் போர் பற்றிய 'தி டே ஆஃப்டர்' ஒளிபரப்பானது. ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் பெற்றோர்களை விசாரித்தபோது, குறைவாகப் பாதிக்கப்பட்டவர்கள் சின்னப் பிள்ளைகள், அதிகம் கலங்கியது பெரியவர்கள் என்று தெரிந்தது. சின்னவர்கள் தோற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். வளர வளர, 'இது நமக்கும் நடக்கலாம்' என்பதற்குப் பயப்படுகிறார்கள். ஏற்கெனவே நடந்துவிட்ட பிள்ளைக்கு எந்த வயசுச் சல்லடையும் உதவாது. அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர் வகுப்பாசிரியர் ஒருவர்தான்.

அப்படின்னா காட்டலாமா?

காட்டலாம். கதைக்காக வரும் பயத்தைத் தாராளமாகக் காட்டலாம். பேய், பூதம், ராட்சசன் எல்லாம் பிள்ளைகளின் சொத்து, நாம் பிடுங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கூத்துக்களத்தில் தானாக இருந்த ஏற்பாட்டைப் பள்ளியில் நாம்தான் செய்து வைக்க வேண்டும். ஆசிரியர் முன்கூட்டியே முழுப்படமும் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்று யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பேய் எப்படிச் செய்தாங்க தெரியுமா?' என்று முதலிலேயே அரிதாரத்தைக் காட்டிவிடலாம், பயம் ஒன்றும் குறையாது. அறையை முழு இருட்டாக்க வேண்டாம். உறைவிடப் பள்ளியில் படத்தைக் காலையில் போட்டால், சாயங்காலம்வரை பேசித் தீர்க்க நேரம் கிடைக்கும். திருத்துவதற்காகப் பயமுறுத்தும் படத்தை, எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும், தள்ளி வைக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. 'சார், நான் வெளிய உக்காந்துக்கட்டுமா?' என்று ஒரு பிள்ளை கேட்டால், காரணம் கேட்காமல், மற்றவர்கள் முன்னால் சிரிக்காமல், 'போப்பா' என்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பதிவேட்டில் அவனுக்கும் வருகை போட வேண்டும்.