சாட்சியமாக ஏற்கப்படாத சொற்கள்

பதுளை நோக்கிச் செல்லும் ரயில் எல்ல நிலையத்தைக் கடந்ததும் ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது செல்கிறது. 1921 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அப்பாலத்தின் கதையை அங்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டிகள் விரிவாகச் சொல்வார்கள். பாலத்தைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் கொழுந்து பறித்து முதிர்ந்தவர்களின் கதையைச் சொல்ல வழிகாட்டி எவருமில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்களுடைய பேரப்பிள்ளைகளே.

மாணவர்கள் முதியவர்களைத் தேடிச் சென்று அவர்தம் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்வது புதிய முயற்சியன்று. 1966 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து மலைப்பகுதிப் பாடசாலையொன்றின் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அயலிலுள்ள முதியோரின் வீடுகளுக்குச் சென்றனர். கேட்டவற்றை 'ஃபொக்ஸ்ஃபயர்' என்ற சஞ்சிகையாக வெளியிட்டனர். 1972 இல் அது நூலாகவும் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அவர்கள் சந்தித்த ஆரி கார்ப்பென்டர் என்ற மூதாட்டியைப் பற்றி மட்டும் 1983 இல் ஒரு தனி நூல் வெளியாயிற்று. மறைந்துகொண்டிருந்த மலைவாழ்வின் தொழில்களையும் பழக்கங்களையும் காப்பதே அம்மாணவர்களின் நோக்கம்.

ஊவாத் தோட்டங்களில் இதே பணிக்கு வேறொரு கனமும் உண்டு என்று நான் கருதுகிறேன். இங்கே முதியவர்களின் வாய்மொழி ஒருகாலத்தில் அரச அலுவலகங்களின் வாசலிலேயே செல்லாக்காசாயிற்று.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் ஒருவரான எஸ்.எம். சுப்பையா பதுளைத் தொகுதியில் தெரிவானவர். அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாட்டில் பிறந்தவர் என்பது மட்டும் போதாது; தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். "எங்கள் தாத்தா இந்த லயத்தில்தான் பிறந்தார்" என்று சொன்னவரிடம் பத்திரம் கேட்கப்பட்டது. தோட்டத்துப் பிறப்புகளுக்குப் பத்திரம் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது; பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஒன்றரை லட்சத்தைத் தொடவில்லை. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

1946 இல் ஓர் எல்லத் தோட்டத்தில் பிறந்த பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். நாடற்றவள் ஆனபோது அவளுக்கு இரண்டு வயது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான 1964 ஒக்டோபர் 30 அன்று பதினெட்டு வயது. 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று இரு பிரதமர்கள் கணக்கை முடித்தார்கள். அந்த மீதியும் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. தோட்டங்களில் பஞ்சம் நிலவிய 1973, 1974 ஆண்டுகளில் அவளுடைய பிள்ளைகள் சிறுவர்களாக இருந்திருப்பர். தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்குச் சென்ற உறவுகளை அவள் வழியனுப்பியிருப்பாள். 1984 இல் அக்கப்பல் சேவையும் நின்றது. நாடற்றவராக எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியபோது அவளுக்கு ஐம்பத்தேழு வயது.

இந்த ஆண்டுகளெல்லாம் நூல்களில் உள்ளன. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுக்க, தங்கை இலங்கைக்கு எழுதிக்கொடுத்த இரவில் அந்தக் காம்பராவுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்த நூலிலும் இல்லை. அது அவளிடம் மட்டுமே உண்டு.

ஆகவே இப்பணியில் இறங்கும் மாணவர்களுக்குச் சில சொற்கள். "எந்த ஆண்டு?" என்று தொடங்காதீர்கள். பஞ்சம் வந்தபோது, மூத்த பிள்ளை பிறந்தபோது, பெரட்டுக்களத்தில் முதன்முதலாகப் பெயர் பதிந்தபோது என்று கேளுங்கள். ஆண்டைப் பின்னர் நீங்கள் கணக்கிடலாம். பெட்டியடியில் பழைய கடிதாசிகள் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் பெற எத்தனை முறை நடந்தார் என்று கேளுங்கள். பெண்களிடம் தனியே பேசுங்கள். ஆண்கள் அருகிலிருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். பேச்சை ஏட்டுத் தமிழாகத் திருத்தாதீர்கள். சொன்னவர் வேண்டாம் என்பதை வெளியிடாதீர்கள். எழுதி முடித்ததை முதலில் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

முதியவரின் ஞாபகம் சில இடங்களில் பிசகும். ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வரலாற்று மாணவரின் கடமை. ஆனால் இம்மக்களைப் பற்றிய ஆவணங்கள் பெரும்பாலும் துரையின் செக்ரோலிலும் அதிகாரியின் கோப்பிலும் எழுதப்பட்டவை என்பதையும் அதே மாணவர் மறக்கலாகாது. பத்திரம் இல்லாததால் ஒரு தலைமுறையின் சொல் அன்று தள்ளப்பட்டது. அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்போர் எண்பதை அண்டியும் கடந்தும் நிற்கின்றனர். அவர்களுடைய சொல்லைப் பத்திரமாக்க அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம்.