இறப்பர்க் கூடத்து ஆவி

1876ஆம் ஆண்டில் இறப்பர்க் கன்றுகள் முதன்முதல் இலங்கைக்கு வந்தன. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே பாரிசு நகரத்து வைத்தியர் ஒருவர், இறப்பர்த் தொழிலாளரைப் பற்றிய துயரச் செய்தியொன்றை மருத்துவப் பேரவையில் எடுத்துரைத்தார். அவர் பெயர் ஒகுஸ்த் தெல்பெஷ்.

பச்சை இறப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குமென அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839இற் கண்டார். பின்னர், 1846இல், ஆங்கிலேயரான அலெக்சாந்தர் பாக்ஸ் சூடின்றியே அதனைச் செய்ய வழிகாட்டினார். காபனிருசல்பைட்டு என்னும் திரவத்திற் கந்தகக் குளோரைட்டைக் கரைத்து, மெல்லிய இறப்பரை அதில் தோய்த்தெடுத்தாற் போதும். எளிய முறைதான். ஆனால் அத்திரவம் 46 பாகை வெப்பத்திலேயே கொதிப்பது, திறந்த பாத்திரத்திலிருந்து ஓயாது ஆவியாவது, கொழுப்பைக் கரைப்பது. ஆதலால் மூச்சுடன் நுரையீரலை அடையும்; வெறுங்கையால் தோய்ப்பவரின் தோல்வழியாகவும் உடலுட் புகும்.

பலூன் முதலியவற்றைச் செய்த தொழிலாளர் இருபத்துநால்வரின் வரலாறுகளைத் தெல்பெஷ் 1863இல் விரிவாக எழுதினார். முதலில் தலையிடி, மயக்கம். பின்னர் காரணமற்ற சினம், அளவிறந்த களிப்பு, உறக்கமின்மை, கொடுங்கனவு. ஈற்றில் நினைவு மங்கும், கால்கள் தளரும், ஆண்மையும் குன்றும். குடித்தவன்போற் தள்ளாடி வீடு திரும்பும் கணவனைக் கண்ட மனைவி என்ன நினைத்திருப்பாள்!

காரணம் இவ்வளவு தெளிவாகியும் பழி முழுவதும் ஆவியின்மேற் சாரவில்லை. புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியரான சார்க்கோ, 1888இல் இத்தகைய தொழிலாளி ஒருவரின் நோயை இஸ்தீரியாவின் பாற்படுத்தினார். நஞ்சு வெறும் தூண்டுகோலாயிற்று. பேரறிஞர் சறுக்கும் இடங்களும் உள.

இங்கிலாந்தின் தோமசு ஒலிவர் 1902இல் தொகுத்து வெளியிட்ட ‘அபாயகரமான தொழில்கள்’ என்னும் நூலில் ஒரு செய்தி உளது. சித்தங் கலங்கிய சிலர் தொழிற்சாலை மாடியிலிருந்து குதித்தமையால், யன்னல்களுக்கு இரும்புக் கம்பிகள் பொருத்தினராம். ஆவியை வெளியேற்றுவதற்கு முன் மனிதரை உள்ளே அடைத்தார்கள்!

இறப்பர்க் கூடத்தோடு இத்திரவம் நின்றுவிடவில்லை. 1892இல் இங்கிலாந்திற் தோன்றிய விசுக்கோசுச் செயற்கைப்பட்டு முறைக்கும் அதுவே தேவைப்பட்டது. அமெரிக்கப் பெண் வைத்தியரான அலிஸ் ஹமில்டன் 1938இற் பென்சில்வேனியாப் பட்டாலைகளை ஆராய முற்பட்டபோது, அங்கும் பழைய நோயே காணப்பட்டது. அத்தொழிலாளரிடையே இருதய நோயால் இறப்போர் மிகுதியென்பதைப் பிரித்தானிய ஆய்வொன்று 1968இற் காட்டியது. தெல்பெஷ் முதன்முதற் பேசி அப்போது 112 ஆண்டுகள் கழிந்திருந்தன.