கியாசனூர் காட்டு நோய்

கியாசனூர் காட்டு நோய் என்பது உண்ணிகளால் பரவும் வைரசுக் காய்ச்சல் ஆகும். இது குரங்குக் காய்ச்சல் என்றும் அழைக்கப்படுகிறது.

கண்டுபிடிப்பு

1957ஆம் ஆண்டு கருநாடகத்தின் சிமோகா மாவட்டம், சொரபா வட்டத்திலுள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் கூட்டமாக இறந்தன. அதே காலத்தில் சுற்றுப்புற ஊர் மக்களும் கடுங்காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் பரவும்போது குரங்குகள் இறப்பது வழக்கம். ஆகவே, இந்தியாவில் இல்லாத அந்நோய் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது.

பூனாவில் 1952இல் தொடங்கப்பட்ட வைரசு ஆய்வு மையத்தைச் சேர்ந்த டெல்ஃபோர்ட் வொர்க், ஹெரால்டு டிரபிடோ முதலியோர் இதனை ஆராய்ந்தனர். பிரித்தெடுக்கப்பட்ட வைரசு மஞ்சள் காய்ச்சலுக்குரியது அன்று. உருசியாவில் உண்ணிகளால் பரவும் மூளையழற்சி வைரசுக்கு நெருங்கிய உறவுடையது. இதனால் ஆய்வு கொசுவை விட்டு உண்ணியின் பக்கம் திரும்பியது. ஏமாஃபைசாலிசு இசுபினிகெரா என்ற காட்டு உண்ணியே முதன்மைக் கடத்தி எனத் தெரியவந்தது.

பரவும் முறை

குரங்கு இறந்ததும் அதன் உடலிலிருந்த உண்ணிகள் தரையில் உதிர்கின்றன. விறகு பொறுக்குவோர், மாடு மேய்ப்போர் அவ்விடத்தில் கடிபடுகின்றனர். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. திசம்பர் முதல் மே வரை நோய் மிகுதியாகும்.

தமிழ்நாடும் காய்ச்சலை அறிதலும்

2012-13 காலத்தில் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு பகுதிகளிலும் இந்நோய் கண்டறியப்பட்டது.

திடீர்க் காய்ச்சல், தலைவலி, தசைவலி, வாந்தி ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவை டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகியவற்றிலும் உண்டு. சிலருக்கு இரத்தக்கசிவு ஏற்படும். சிலருக்குக் காய்ச்சல் தணிந்து ஓரிரு வாரங்களில் மீண்டும் வந்து, நரம்பு மண்டலத்தைத் தாக்கும். நோயுற்றோரில் 3 முதல் 5 விழுக்காட்டினர் இறக்கின்றனர். முதல் சில நாட்களில் பி.சி.ஆர். சோதனையும், பின்னர் எலைசா சோதனையும் நோயை உறுதிசெய்யும். இதற்கெனத் தனி மருந்து இல்லை.

தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் இசுகிரப் டைபசு, சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் கருகிய பொருக்கு காணப்படலாம். இதற்கும் உண்ணி டைபசுக்கும் டாக்சிசைக்ளின் நன்கு பயனளிக்கும்; தாமதமானால் உயிருக்கு ஆபத்து.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் போன்ற ஊர்களிலும் காரணம் தெரியாத காய்ச்சலுடன் வருவோரிடம் காட்டிற்குச் சென்றாரா, மாடு மேய்த்தாரா, பூச்சி கடித்ததா, அப்பகுதியில் குரங்கு இறந்ததா எனக் கேட்பது நோயறிதலின் முதற்படியாகும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகிய மறைவிடங்களில் கடித்த அடையாளம் உள்ளதா என்று பார்ப்பதும் இன்றியமையாதது.