தோல் பதனிடும் கத்திகள் (வேலூர்–ஆம்பூர் வட்டாரம்)

தோல் பதனிடும் கத்திகள் என்பவை, உரித்த தோலிலிருந்து முடியையும் சதையையும் நீக்கவும், தோலைச் சீரான கனத்துக்குச் சீவவும், ஓரங்களை வெட்டவும் பயன்படும் கைக்கருவிகள் ஆகும். பாலாற்றுப் பகுதியில் அமைந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்களில் தோல் தொழில் வளர்ந்த வரலாற்றை இக்கத்திகளின் வழியாகவும் படிக்கலாம். இவ்வூர்கள் முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விசாரம் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் உள்ளன.

கத்தி என்றதும் கூர்மையே நினைவுக்கு வரும். தோல் வேலையில் அது பாதி உண்மைதான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலின் முடியை நீக்கப் பயன்படும் கத்தி வேண்டுமென்றே மழுங்கலாக வைக்கப்பட்டது. சுண்ணாம்பு முடியின் வேரைத் தளர்த்திவிடுவதால் முடியைத் தள்ளினால் போதும், அறுக்க வேண்டியதில்லை. கூரான கத்தி பட்டால் தோலின் மேல்முகம் கீறிவிடும். காலணியில் வெளியே தெரியும் பகுதி அந்த மேல்முகம்தான் என்பதால், ஒரு கீறல் விழுந்தாலும் தோலின் விலை இறங்கும்.

அடுத்தது சதை நீக்கும் கத்தி. இரு முனைகளிலும் கைப்பிடி கொண்ட, சற்றே வளைந்த நீண்ட கத்தி இது. முன்புறம் குவிந்த சாய்வான மரத்திண்டின்மேல் தோலைச் சதைப்பக்கம் மேலாக விரித்து, தொழிலாளி அதன்மேல் குனிந்து நின்று, இரு கைகளாலும் கத்தியைக் கீழ்நோக்கித் தள்ளிச் சதையையும் சவ்வையும் நீக்குவார். கத்தியின் வளைவு மரத்திண்டின் குவிவுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நடுவில் தோல் வெட்டுப்படும், ஓரத்தில் சதை நிற்கும். சதை மிச்சமிருந்தால் பதனிடும் சாறு அந்த இடத்தில் உள்ளே இறங்காது. எருமைத் தோலுக்குத் தேவையான அழுத்தத்தை ஆட்டுத் தோலில் கொடுத்தால் தோல் கிழியும். எனவே கத்தியின் எடையும் கூரும் தோலுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கப்பட்டன. வேலை நடக்கும்போதே சாணைக் கல்லில் அடிக்கடி தீட்டிக்கொள்வதும் வழக்கம்.

இவ்வேலைக்கு மடக்குக் கத்தி பயன்படாது. மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் மூட்டு. இரு கைகளின் அழுத்தமும் ஒரு சிறு ஆணியில் இறங்கினால் அது தளர்ந்துவிடும். சுண்ணாம்பும் கொழுப்பும் மூட்டுக்குள் புகுந்தால் துருப்பிடிக்கும், கத்தியும் மடங்காது. பையில் எடுத்துச் செல்லவும், கயிறு அறுக்கவும், வழிப்பயணத்துக்கும் மடக்குக் கத்தி நல்ல துணை. நாள் முழுதும் ஒரே வேலையைச் செய்ய, பிடியோடு அசையாமல் பொருத்திய கத்திதான் வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த 1962ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதங்களாக வகைப்படுத்தின. ஆனால் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு இல்லையென்றால் சதை நீக்கும் கத்தியும் ஆயுதமாகியிருக்கும்.

கத்தி எங்கே நின்றது?

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் அது ஆம்பூர், வாணியம்பாடி வழியாக நீண்டது. தோலையும் பட்டையையும் ஏற்றி இறக்க வழி பிறந்ததும் இவ்வட்டாரத் தொழில் விரிந்தது. ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் இட்டுப் பதனிட்ட தென்னிந்தியத் தோல்கள் இலண்டன் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் விற்றன.

அவை முழுமையாக முடிக்கப்பட்ட தோல்கள் அல்ல. முடி நீக்கல், சதை நீக்கல், பதனிடல் ஆகியவை இங்கே நடந்தன. கனத்தைச் சீராக்குதல், எண்ணெயேற்றுதல், சாயமிடுதல், மெருகிடுதல் ஆகிய வேலைகள் கடல் கடந்தபின் நடந்தன. அந்த வேலைக்கான சீவுகத்தி வேறு வகை. செவ்வக வடிவான அதன் இரு முனைகளில் ஒன்றில் நேர்ப்பிடியும் மற்றொன்றில் குறுக்குப்பிடியும் இருக்கும். அதன் விளிம்பைத் தீட்டியபின் இரும்புக் கம்பியால் அழுத்திச் செங்கோணமாக மடித்துவிடுவார்கள். மடிந்த அந்த விளிம்பு தோலை இழையிழையாகச் சீவும். ஐரோப்பாவில் இக்கத்தியைக் கையாள்வது தனித் தொழிலாகவே மதிக்கப்பட்டது. அழுக்கும் நாற்றமும் மிகுந்த கத்தி பாலாற்றங்கரையில் இருக்க, இலாபம் தரும் கத்தி இங்கிலாந்தில் இருந்தது. குடியேற்றக் காலப் பொருளாதாரத்தை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலை இன்னும் கடினமாயிற்று. அமெரிக்காவில் குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவியது. அங்குள்ள ஆலைகள் ஆட்டுத் தோலைப் பச்சையாகவே வாங்கத் தொடங்கின. அப்படிப் போன தோலுக்கு இங்கே பதனிடும் வேலையே இல்லாமல் போனது. இதற்கு மாற்றாக 1903இல் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோமியப் பதனிடலைச் சோதித்தார். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு அத்தோல் நெடுநாள் உழைக்கும் என்பது அவருடைய எண்ணங்களில் ஒன்று. 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி இருந்தது. 1923இல் வரி 5 விழுக்காடாகக் குறைந்தது.

உரிக்கும் கத்தியின் குறை

தோலின் தரத்தைப் பெரிதும் கெடுத்த கத்தி, தொழிற்சாலைக்கு வெளியே இருந்தது. விலங்கை உரிக்கும்போது முனை கூரான கத்தியைக் கவனமின்றிச் செலுத்தினால் தோலின் உட்புறத்தில் வெட்டு விழும். பச்சைத் தோலில் இது எளிதில் கண்ணுக்குப் படாது. பதனிட்டுச் சீவும்போதுதான் பள்ளமோ துளையோ தெரியவரும். அதற்குள் பட்டை, சுண்ணாம்பு, கூலி எல்லாம் செலவாகியிருக்கும். இந்தியத் தோலின் மீது வெளிநாட்டு வணிகர்கள் சொன்ன முதன்மையான குறைகளுள் இதுவும் ஒன்று. 1929–30இல் அமைந்த தோல் வரி விசாரணைக் குழு ஆராய்ந்தவற்றிலும் உரிப்பு முறை இடம்பெற்றது. முனை மழுங்கிய, வயிறு வளைந்த கத்தியே உரிப்பதற்கு ஏற்றது.

உரிப்பவருக்கு நல்ல கத்தியோ, பயிற்சியோ, பழுதில்லாத தோலுக்குக் கூடுதல் கூலியோ கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உரிப்பதும் சதை நீக்குவதும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் மீது சுமத்தப்பட்ட வேலைகள். சுண்ணாம்பு நீர் கைகளை அரிக்கும். ஈரமான பிடி வழுக்கினால் கத்தி கையையே வெட்டும். தொழிலின் நுட்பம் அவர்கள் கைகளில் இருந்தது, மதிப்பு மட்டும் அங்கே வந்து சேரவில்லை.

இயந்திரத்துக்குள் புகுந்த கத்தி

1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1972இல் சீதாராமையா குழு, அரைப்பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக முடித்த தோலையும் தோல் பொருள்களையும் அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதையொட்டி வந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால், முன்பு கடல் கடந்து நடந்த வேலைகள் ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் வந்தன. ஆனால் சீவுகத்தி கைக்கருவியாக வரவில்லை. உருளையில் திருகுபோல் பதித்த கத்திகள் சதையை நீக்கின. அதே அமைப்புள்ள வேறொரு இயந்திரம் கனத்தைச் சீவியது. முடிவில்லாமல் சுழலும் பட்டைக் கத்தி, ஒரு தோலை இரு படலங்களாகப் பிளந்தது. வேகம் கூடியதோடு கழிவும் கூடியது. பாலாற்று மாசு குறித்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு பலரும் அறிந்ததே. அது தனிக் கட்டுரைக்குரியது.

ஆயினும் கைக்கத்தி மறையவில்லை. கிழிந்து தொங்கும் தோல் ஓரங்களைச் சிறு கத்தியால் கையாலேயே வெட்டுகிறார்கள். காலணியின் மேற்பகுதிகளை மடித்துத் தைக்குமுன், மடிப்பு தடிக்காமல் இருக்க ஓரத்தை மெலிதாக்க வேண்டும். தொழிற்சாலைகளில் இதற்கு இயந்திரம் உண்டு. தெருவோரத்தில் செருப்புத் தைப்பவர் ஒரு கற்பலகையின்மேல் தோலை வைத்து, அகன்ற வாயுடைய கத்தியைத் தன்னிடமிருந்து விலக்கித் தள்ளி அதைச் செய்கிறார்.