பால்மங்கு சொல்லும் வரலாறு



நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 2014ஆம் ஆண்டு தொடங்கி நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாகப் போதிக்கப்பட்டு வருகிறது. நெகிரி செம்பிலான் தோட்டப்பள்ளி ஒன்றில் அப்பாடத்தை நான் நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், மலாக்கா சுல்தான்களின் பெயர்களை வரிசை பிசகாமல் ஒப்புவித்து முடித்த மாணவன் உட்காராமல் நின்றான். "சார், எங்க பாட்டியும் வரலாறா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய பாட்டி பல்லாண்டுகள் பால்மரம் சீவியவர். "ஆம்" என்று சொல்லிவிட்டேன். ஆனால், "இதோ, இந்நூலில் இருக்கிறார், படித்துப் பார்" என்று எடுத்துக் கொடுக்க என் அலமாரியில் ஒரு சிறுவர் நூல் இல்லை. அந்தக் குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

வரலாறு சிறுவர் உள்ளத்தில் எவ்வாறு உயிர் பெறுகிறது? உலகில் வெற்றி பெற்ற சில நூல்களை நோக்கினால் விடை கிடைக்கும்.

1928ஆம் ஆண்டு, முசோரி மலையில் தங்கியிருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு, அலகாபாத்திலிருந்து நேரு கடிதங்கள் எழுதினார். மறு ஆண்டே அவை நூலாயின. மன்னர்களின் பட்டியலோடு அவர் தொடங்கவில்லை. கல்லையும் மலையையும் படிக்கக் கற்றுக்கொடுத்துத் தொடங்கினார். ஒரு கூழாங்கல்லின் வழவழப்பே அது ஆற்றில் உருண்டு வந்த கதையைச் சொல்லிவிடும் என்பது அவர் மகளுக்குக் காட்டிய வழி.

இங்கிலாந்தின் ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954இல் ஓர் இளம் ரோமானிய வீரனின் கதையை எழுதினார். அதற்கு வித்தாக அமைந்தவை இரண்டு. ஒன்று, ரோமானியரின் ஒன்பதாம் படையணி பற்றிய குறிப்புகள் வரலாற்றிலிருந்து மறைந்துபோன புதிர். மற்றொன்று, சில்செஸ்டர் என்னும் ஊரில் மண்ணுக்கடியில் கிடைத்த, சிறகிழந்த வெண்கலக் கழுகு. அக்கழுகு அங்கே எப்படி வந்தது என்ற கேள்வியே ஒரு நாவலாக விரிந்தது.

அமெரிக்காவின் லாரா இங்கல்ஸ் வைல்டர் தம் முதல் நூலை 1932இல் வெளியிட்டபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. காட்டோரத்து மரவீட்டில் கழிந்த தம் குழந்தைப் பருவத்தையே அவர் எழுதினார். அரசரும் போரும் அதில் இல்லை. பாலாடைக்கட்டி செய்தல், இறைச்சியைப் புகையிட்டுப் பதப்படுத்துதல் முதலிய வீட்டு வேலைகளே அதில் வரலாறாயின.

தொலைதூரம் போவானேன்? நம் நாட்டு லாட் 1979இல் வெளியிட்ட 'கம்போங் பாய்' பேராக் மாநிலத்துக் கிராமச் சிறுவன் ஒருவனின் வளர்ச்சியைக் கேலிச்சித்திரங்களால் சொல்கிறது. ஈயம் தோண்டும் கப்பலும், ஆற்றுக் குளியலும், குர்ஆன் வகுப்பும் அதில் வருகின்றன. அந்நூலைப் புரட்டும் எந்த இனத்துப் பிள்ளைக்கும் 1950களின் மலாயாக் கிராமம் கண்முன் வந்துவிடுகிறது.

இந்நான்கையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று உண்மைகள் தெளிவாகும். சிறுவருக்கான வரலாறு கையில் எடுத்துப் பார்க்கத்தக்க ஒரு பொருளிலிருந்து தொடங்கலாம். ஒரு குழந்தையின் கண்வழியாகச் சொல்லப்படலாம். முதியவர் ஒருவரின் நினைவே அதற்கு மூலமாகலாம். இம்மூன்றும் நம் தோட்டங்களில் உண்டு. நூல்தான் அரிதாக இருக்கிறது.

தமிழில் சிறுவர்க்கு எழுதியோர் இல்லையா என்று கேட்கலாம். பெருமைப்படத்தக்கவர்கள் இருந்தார்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்து ஒரு தலைமுறையையே எழுத வைத்தார். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதைகள் புராண நாயகர்களையும் மன்னர்களையும் படக்கதைகளாக்கின. இவை யாவும் போற்றத்தக்கவை. எனினும் பகாவிலோ ரந்தாவிலோ லாபுவிலோ வளரும் பிள்ளைக்கு இவை கடலுக்கு அப்பாலுள்ள நிலத்தின் கதைகள்.

தோட்டத்து வாழ்வைப் பாடிய நாவல்களும் உண்டு. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவற்றை நாம் அறிவோம். அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. பத்து வயதுப் பிள்ளையின் கையில் அவற்றை அப்படியே கொடுத்துவிட முடியாது. அவற்றுக்கும் பாடநூலுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும்.

அந்தப் பாலத்தை எங்கிருந்து கட்டுவது? ஒரு பால்மங்கிலிருந்து கட்டலாம் என்பேன்.

மேற்சொன்ன மாணவன் மறுவாரம் தன் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய மங்கைக் கொண்டுவந்தான். உள்ளே ஒட்டுப்பால் காய்ந்து கறுத்திருந்தது. அதை மேசைமேல் வைத்தவுடன் வகுப்பில் கேள்விகள் எழுந்தன. இந்த மரம் எங்கிருந்து வந்தது? பிரேசில் காட்டிலிருந்து. 1876இல் ஹென்றி விக்கம் ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவ்விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி வகுத்தார். பாட்டி ஏன் விடியுமுன் எழுந்தார்? வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தம் நிரையில் நானூறு, ஐந்நூறு மரங்களைச் சீவி முடித்தாக வேண்டும். பாடநூல் ஒரு வரியில் சொல்லும் 'இரப்பர்த் தொழில்' அன்று எங்கள் வகுப்பில் ஒரு மூதாட்டியின் விடியற்காலையாக மாறியது.

இவ்வாறே ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு குழந்தையின் பக்கம் நின்று சொல்ல இயலும். கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறிய குடும்பத்தில், நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்து நின்ற பிள்ளை என்ன நினைத்திருக்கும்? 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியும், 1938இல் இந்திய அரசு விதித்த தடையும் அந்தப் பிள்ளையின் கதைக்குள் இயல்பாக வந்து சேரும்.

நம் தோட்டப்பள்ளிகளின் பிறப்பும் ஒரு கதைதான். ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பத்தாவது பிள்ளை வந்து சேரும் நாளுக்காகக் காத்திருக்கும் ஒன்பது பிள்ளைகளைக் கற்பனை செய்து பாருங்கள். அதைவிடச் சிறந்த கதைத் தொடக்கம் வேண்டுமா? கெடிஸ், கிர்பி, மிடல்டன் என்று நம் மாநிலத் தோட்டப்பள்ளிகளின் பெயரில் இன்றும் ஒட்டியிருக்கும் ஆங்கிலப் பெயர்களைப் பிள்ளைகள் நாள்தோறும் எழுதுகிறார்கள். அவை யார் பெயர்கள், எப்படி வந்தன என்று தேடச் சொல்வதே ஒரு பாடமாகும்.

துயரத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதோர் ஏராளம். அக்காட்டில் நடந்த கொடுமைகளைப் பிள்ளைகளுக்கு விவரிக்க வேண்டாம். லயத்து வாசலில் தந்தைக்காகக் காத்திருந்த மகளின் கதையைச் சொன்னால் போதும். நிமிர்ந்து நின்ற கதையும் உண்டு. போருக்குப்பின் நம் மாநிலத்திலேயே தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தி, 1962இல் மக்சேசே விருது பெற்றார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இவற்றையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மேலே பாராட்டிய வைல்டரின் நூல்கள் அமெரிக்கப் பழங்குடியினரை இழிவாகச் சித்திரித்தமையால், 2018இல் அங்குள்ள சிறுவர் நூலகச் சங்கம் தன் விருதிலிருந்து அவர் பெயரை நீக்கியது. தம் வீட்டுக் கதையை உருக்கமாகச் சொன்னவர் பக்கத்து வீட்டாரை மனிதராகக் காணத் தவறினார். நாம் எழுதும் தோட்டக் கதையில் கம்பத்து மலாய்க்காரரும், கடனுக்குச் சாமான் கொடுத்த சீனக் கடைக்காரரும், காட்டோரத்து ஓராங் அஸ்லியும் முழு மனிதர்களாக வரவேண்டும். நம்மவருக்குள் இருந்த சாதி வேற்றுமையையும் கள்ளுக்கடையையும் கண்டுகொள்ளாமல் போவதும் நேர்மையாகாது. மேலும், எது நடந்தது, எது கற்பனை என்பதை நூலின் இறுதியில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். கதையை நம்பிய பிள்ளையை ஏமாற்றலாகாது.

ஆசிரியர்களே, இந்நூலை யாரோ ஒருவர் எழுதுவார் என்று காத்திருக்க நமக்குக் காலமில்லை. இரப்பர் காடுகள் செம்பனையாயின; பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. லயன்கள் இடிபட்டபோது பரண்களில் இருந்த பெட்டிகளும் படங்களும் சிதறின. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு மட்டுமே. பிள்ளை கேட்கட்டும், பாட்டி சொல்லட்டும், தேதிகளைப் பிறப்புப் பத்திரத்தோடும் பழைய செக்ரோலோடும் நாம் ஒப்பிட்டுச் சரிபார்ப்போம். படத்தைப் பிள்ளைகளே வரையட்டும். முப்பத்திரண்டு பக்கம் போதும்.

பெற்றோர்களே, பழைய மங்கையும் உளியையும் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஒருமுறை உங்கள் பிள்ளையின் கையில் கொடுங்கள். பாட்டியின் அருகில் உட்கார வையுங்கள்.

அந்த மாணவனின் பாட்டி இன்று இல்லை. அவர் சொன்னவற்றில் நான் எழுதிவைத்தது ஆறு பக்கம். எழுதாமல் விட்டது எவ்வளவு என்பதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. அந்த இழப்பு உங்கள் வகுப்பிலும் நேரவேண்டாம்.