தொண்டை அடைப்பானும் பல் பிடுங்கிய பாம்பும்

போன வாரம் பேத்திக்கு முத்தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தார்கள். இரவு லேசான காய்ச்சல். "இல்லாத நோய்க்கு எதுக்குப்பா இந்த ஊசி?" என்று அலுத்துக்கொண்டாள் மகள்.

எனக்கு நான் பார்த்திராத அக்காவின் நினைவு வந்தது. நான் பிறப்பதற்கு முன்பே, நான்கு வயதில், தொண்டை அடைப்பானில் போய்விட்டவள். அம்மா அடிக்கடி ஒன்றைக் கேட்பார்: "தொண்டை நோவுன்னுதானே சொன்னாங்க, நெஞ்சு ஏன் நின்னு போச்சு?"

விடை எனக்குப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் கிடைத்தது. அறிவியல் வாத்தியார் 'தொக்ஸீன்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுக் கதை சொன்னார். இந்தக் கிருமியை 1884-ல் தனியே வளர்த்துக் காட்டியவர் ஜெர்மனியின் லோஃப்லர். கிருமி தொண்டையைத் தாண்டுவதில்லை, ஆனால் உள்ளுறுப்புகள் கெடுகின்றன என்பது அவருக்குப் புதிராக இருந்தது. 1888-ல் பாரீஸ் பாஸ்தர் நிலையத்தில் ரூவும் எர்சனும் கிருமி வளர்ந்த நீரைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார்கள். கிருமியே இல்லாத அந்த நீரைச் செலுத்தியதும் விலங்குகள் செத்தன. ஆக, கொல்வது கிருமி கக்கும் நஞ்சு. அது இரத்தத்தில் கலந்து இதயத்துக்கும் நரம்புகளுக்கும் போய், அங்குள்ள செல்கள் புரதம் செய்வதையே நிறுத்திவிடுகிறது.

1890-ல் பெர்லினில் பேரிங்கும் கிதாசாட்டோவும் இன்னொன்றைக் கண்டார்கள். நஞ்சைச் சிறிது சிறிதாகப் பழக்கிய விலங்கின் சீரத்தில் அந்த நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருள் உண்டாகிறது. ரூ அதைக் குதிரைகளிடமிருந்து எடுத்தார். 1894-ல் பாரீஸ் குழந்தைகள் மருத்துவமனையில் நூற்றுக்கு 50-க்கு மேல் இருந்த சாவு 25-க்கும் கீழே இறங்கியது. ஆனால் செல்லுக்குள் புகுந்துவிட்ட நஞ்சைச் சீரத்தால் மீட்க முடியாது. சீக்கிரம் போட்டால்தான் பலன். தவிர, குதிரை தந்த சக்தி கைமாற்றுக் கடன் மாதிரி, சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

நம் உடம்பே சம்பாதிக்க வழி செய்தவர் கால்நடை மருத்துவரான கஸ்தோன் ரமோன். 1923-ல் நஞ்சில் பார்மலின் கலந்து, இளஞ்சூட்டில் பல நாள் வைத்தார். நஞ்சின் கொடுமை போயிற்று. உருவம் மட்டும் நின்றது. பல் பிடுங்கிய பாம்புதான். அதைப் பார்த்துப் பழகிய உடம்பு, நிஜப் பாம்பு வரும்போது தயாராக இருக்கும். முத்தடுப்பூசியில் இருப்பது அதுவே. இந்த நினைவு மங்காமலிருக்கத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார். "அப்போ மருந்து முன்னாடியே இருந்துச்சா?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இதை மகளிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்த் தடுப்பூசி அட்டையைப் பீரோவில் பத்திரமாக வைத்தாள். அடுத்த ஊசி ஐந்து வயதில்.