0.6-ஐ 6 ஆக்கிய கதை

திறமூல மென்பொருளை எப்போது பீட்டா என்பது, எப்போது 'முடிந்தது' என்பது? காமர்ஸ் படிக்கும் எனக்கு உடனே நினைவுக்கு வருவது நெட்ஸ்கேப் கதைதான்.

1998 மார்ச் 31-ல் நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலைத் திறந்துவிட்டது. மொசில்லா திட்டத்தில் வேலை தொடங்கியது. பழைய நிரல் சரிப்படாது என்று அக்டோபரில் பக்கத்தைக் காட்டும் எஞ்சினையே புதிதாக எழுத முடிவெடுத்தார்கள். நாள் ஓடியது. இவர்கள் கையில் பழைய 4-ம் பதிப்பு. மைக்ரோசாப்டோ 1999-லேயே எக்ஸ்புளோரர் 5-ஐ இறக்கிவிட்டது.

பொறுக்க முடியாமல் 2000 நவம்பரில் நெட்ஸ்கேப் 6 வந்தது (அதற்குள் கம்பெனி ஏஓஎல் கைக்குப் போயிருந்தது). கிட்டத்தட்ட அதே நிரலை மறுமாதம் மொசில்லா வெளியிட்டபோது இட்ட எண் என்ன தெரியுமா? 0.6! புள்ளி மட்டும்தான் காணாமல் போயிருந்தது :-) ஆமை வேகம், அடிக்கடி முடக்கம். பீட்டா என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார்கள். ஆறாம் பதிப்பு என்றால் யார் மன்னிப்பார்கள்?

மொசில்லாக்காரர்கள் 0.7, 0.8, 0.9 என்று நகர்ந்தார்கள். யார் வேண்டுமானாலும் பக்ஸில்லாவில் வழுக்களைப் பதியலாம். அவற்றைத் தீர்த்துத் தீர்த்து 2002 ஜூன் 5-ல்தான் 1.0 என்றார்கள். ஏறக்குறைய 19 மாத வித்தியாசம். வியாபாரக் கணக்கில் அது பெரிய தாமதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2004 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 1.0 அந்த எஞ்சினில்தான் ஓடியது. நெட்ஸ்கேப்பை உருவாக்கிவந்த குழுவை ஏஓஎல் 2003-லேயே கலைத்துவிட்டது.